நீ கையெழுத்திட்டுக் கொடுத்த புரதம்

இன்று காலை, குடுவைகளை இரவெல்லாம் ஆட்டிக்கொண்டிருக்கும் ஷேக்கர் அறையின் கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் வந்து மோதியது. நேற்று மாலை குடுவைகளில் விதைத்த பாக்டீரியா விடிவதற்குள் கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கிப் பெருகியிருந்தது. வழக்கம்போல மேல்மாடி வேதியியல் துறையிலிருந்து ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, "என்னம்மா, எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நீ எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வாய். "நாத்தம் இல்ல சார், வேலை நடக்குற வாசம்." அதையே சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. அவர் போனபிறகு குடுவைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

நாம் இருவரும் ஒரே நாளில் இந்த ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தோம். நான் ரெட்டியார்பாளையத்துக்காரி, மில் மூடியபின் வாட்ச்மேன் வேலைக்குப் போனவரின் மகள். நீ டவுனுக்குள் கண்ணாடி அறுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர் வீட்டுப் பெண். உன் அத்தா மவுத்தாகி அடக்கமானபின் கடையை உன் அண்ணன் பார்த்துக்கொண்டார். நீ பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் என்பதால் பேச்சுக்கு நடுவே பிரெஞ்சு வார்த்தைகள் வந்து விழும். எனக்கு ஒன்றும் புரியாது. உன் முகத்தைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடித்துக்கொள்வேன்.

எல்லாம் தொடங்கியது அந்தப் பார்சலில்தான். ஆய்வகத்தின் தலைவியான நம் மேடம், உடம்புக்குள் கிருமி நுழைந்தால் வெள்ளணுக்கள் ஒன்றையொன்று எப்படி எச்சரிக்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கு ஒரு மனிதப் புரதம் வேண்டும். இன்டர்ஃபெரான் காமா என்று பெயர். நம் எல்லார் உடம்பும் அதைச் செய்கிறது. ஆனால் உடம்புக்கு வெளியே வைத்து அதை ஆராய வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், உறைந்த நிலையில், உலர்பனி நிரப்பிய பெட்டியில். அந்தக் கோடையில் பெட்டி வழியில் எங்கேயோ பல நாள் கிடந்துவிட்டது. நம் கைக்கு வந்தபோது பனி முழுவதும் ஆவியாகியிருந்தது. உள்ளே சுண்டுவிரல் நகத்தளவு குப்பியில், கல்லாக இருக்கவேண்டிய ஒரு சொட்டு, வெதுவெதுவென்று தண்ணீராகக் கிடந்தது. செல்களில் விட்டுப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. புரதம் செத்திருந்தது.

"நம்மளே செஞ்சா என்ன?" என்றார் மேடம்.

நாம் இருவரும் சிரித்துவிட்டோம். "மனுஷ ஒடம்பு செய்யறத நாம எப்படி மேடம் செய்யறது?" என்று கேட்டவள் நான்தான்.

அவர் சொன்ன வழி, புத்தகத்தில் நாம் ஏற்கெனவே படித்ததுதான். ஆனால் செய்யப்போவது நம் கைகள் என்றபோது அது வேறாகக் கேட்டது. மனித வெள்ளணு ஒன்றை உசுப்பினால், அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை அது படியெடுக்கும். அந்தப் படியைப் பிரித்தெடுத்து, பெருக்கி, பாக்டீரியாவுக்குள் நுழைத்துவிட வேண்டும். அப்புறம் பாக்டீரியா அதைத் தன் சொந்தக் குறிப்பு என்றே நினைத்துப் படிக்கும்; மனிதப் புரதத்தைச் செய்துதரும். சாப்பாட்டு நேரத்தில் நீ சொன்னாய்: "குடல்ல கெடக்குற கிருமிக்கும் நமக்கும் எழுத்து ஒண்ணா இருக்குடி. இல்லன்னா அதால எப்படிப் படிக்க முடியும்?"

ரத்தம் வேண்டும். யாரோ ஒருவர் சம்மதித்துத் தரவேண்டும். எனக்கு ஊசியென்றாலே தலை சுற்றும் என்பது உனக்குத் தெரியும். "என் கையில எடுங்க" என்று நீ முழுக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நெறிமுறைக் குழுவின் சம்மதப் படிவத்தை யாரும் அவ்வளவு நிதானமாகப் படித்து நான் பார்த்ததில்லை. நர்ஸ் அக்கா கையில் கட்டும் ரப்பர் பட்டையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான்கு பக்கமும் படித்து, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய்.

சில வாரங்கள் கழித்து, பிரித்தெடுத்த குறிப்பின் எழுத்து வரிசை, ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளில், கணினியில் வந்தது. உலகம் முழுக்கப் பயன்படுத்தும் வரிசையோடு ஒப்பிட்டோம். எல்லாம் பொருந்தியது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அங்கே டி இருக்கவேண்டும். உன்னுடையதில் சி இருந்தது. நாம்தான் எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து, உன் ரத்தத்திலிருந்து திரும்ப ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். அப்போதும் சி. அது பிழையில்லை, நீ பிறக்கும்போதே கொண்டுவந்தது. அந்த மாற்றத்தால் புரதத்தில் எதுவும் மாறாது என்று மேடம் விளக்கினார். ஆனால் நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அத்தா வழியா, அம்மா வழியான்னு தெரியல" என்றாய். "எந்தக் காலத்துல, எந்தக் கடல் தாண்டி வந்த எழுத்தோ. யாருக்கும் தெரியாம இத்தன தலைமுறையா உள்ளயே இருந்திருக்கு பாரு."

அதன்பிறகுதான் நம் கஷ்டகாலம். பாக்டீரியா சொன்னபடி செய்தது. சொன்னதற்கு மேலேயே செய்தது. புரதத்தை அள்ளி அள்ளிச் செய்து, தன் வயிற்றுக்குள் கட்டி கட்டியாக அடைத்து வைத்துக்கொண்டது. அந்தக் கட்டி எதற்கும் உதவாது. புரதம் என்பது மணி கோத்த நூல் மாதிரி. அந்த நூல் தனக்கென்று உள்ள வடிவத்தில் மடிந்தால்தான் அதற்கு உயிர். இந்தப் புரதத்துக்கு அதுவும் போதாது. இரண்டு நூல்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்க வேண்டும். ஒற்றையாக இருந்தால் வேலை செய்யாது. ஆகவே கட்டியை யூரியா கரைசலில் போட்டு, நூல் முழுக்கப் பிரியும்வரை கரைத்து, அப்புறம் மெல்ல மெல்ல யூரியாவை நீக்கி, அது தானாக மடிய விடவேண்டும். தானாக. நம்மால் அதை மடிக்க முடியாது. மடியக்கூடிய சூழலைத் தரலாம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறையும் அது பால் போலத் திரிந்துபோயிற்று. உப்பை மாற்றினோம், அமிலக் காரத்தை மாற்றினோம், குளிரைக் கூட்டினோம். மறுபடி பால். பதினோராவது மாதம் என்று நினைக்கிறேன், ஒரு மத்தியானம் நான் பீக்கரை சிங்க்கில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

"இன்னாடி பண்ண?" என்று ஓடி வந்தாய்.

"ஊத்திட்டேன். போதும். ஒடம்பு செய்யறத ஒடம்புதான் செய்யணும். நமக்கு ஆவாது."

நீ என்னைத் திட்டவில்லை. காலி பீக்கரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாய். பிறகு, என்னைப் பார்க்காமலேயே சொன்னாய்: "ஒடம்பு அவசரப்படாதுடி. நாமதான் அவசரப்படறோம். மொத்தமா ஊத்துறோம். எல்லா நூலும் ஒரே நேரத்துல ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா சிக்கிக்காம இன்னா பண்ணும்? பொங்கலுக்குப் பஸ் ஸ்டாண்டுல ஏறுற கூட்டம் மாதிரி."

மறுநாள் காலை அண்ணனின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு குளிரறைக்குள் போனாய். பெரிய குடுவையில் கரைசல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. நீ அதில் ஒரு சொட்டு விட்டாய். காத்திருந்தாய். இன்னொரு சொட்டு. எனக்குப் பொறுமையில்லை. கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்த்தேன். "தூஸ்மான்" என்றாய், திரும்பாமலே. "தூஸ்மான், தூஸ்மான்." அன்றைக்கு அர்த்தம் தானாகப் புரிந்தது. மெதுவாக, பதமாக. என்னிடம் சொன்னாயா, சொட்டிடம் சொன்னாயா தெரியாது. பத்து மணிக்கு ஆரம்பித்தது மாலை ஐந்துக்கு முடிந்தது. உன் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. குடுவை பளிங்காக, தெளிந்த தண்ணீராக இருந்தது. துளிப் பாலில்லை.

தெளிவாக இருந்தால் மட்டும் போதாதே. உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டில் மனிதச் செல்களை வளர்த்து, சில குழிகளில் நம் புரதத்தை விட்டு, சிலவற்றில் விடாமல், அடுத்த நாள் எல்லாவற்றிலும் செல்லைக் கொல்லும் வைரஸை விட்டோம். பாதுகாப்பு அறையில் மேடமே உடனிருந்தார். கடைசியில் ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவ வேண்டும். உயிரோடு இருந்த செல்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். செத்தவை தண்ணீரோடு போய்விடும்.

தட்டைக் கழுவியது நீ. நிமிர்த்திப் பிடித்ததும் ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாக வந்தது. புரதம் விடாத குழிகள் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தன. புரதம் விட்ட குழிகள் எல்லாம் கருநாவல் நிறத்தில், வரிசை வரிசையாக நிறைந்திருந்தன. ஒரு செல்கூடச் சாகவில்லை. மேடம் கைதட்டினார். நான் அழுதேன். நீ மட்டும் அசையாமல் நின்றாய்.

"இதுங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாய். "இந்தச் செல்லு எந்த ஊர் ஆளோடதோ. என்னத் தெரியாது. பாக்டீரியாவத் தெரியாது. ஆனா இது வந்து தொட்டதும், ஆபத்து வருதுன்னு புரிஞ்சுகிட்டுக் கதவச் சாத்திக்கிச்சே."

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய வாசல் ஒன்றின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவர்களின் முகம் அது.

அதன்பிறகு அந்தப் புரதத்தை நீ கவனித்துக்கொண்ட விதம்! ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது என்பதற்காக, ஒரு தடவைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்துச் சின்னக் குழாய்களில் அடைப்பாய். திரவ நைட்ரஜனில் முக்கியதும் சுருக்கென்று உறையும். அப்படியே மைனஸ் எண்பது ஃப்ரீசருக்குப் போகும். நீர்த்த புரதம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போய்விடும் என்று துணைக்கு ஆல்புமின் என்ற இன்னொரு புரதத்தைக் கொஞ்சம் சேர்ப்பாய். உருகவைத்த குழாயை நான் வேகமாக ஆட்டிவிட்டால் கையைத் தட்டிவிடுவாய். "குலுக்காத. நுரை வந்தா வடிவம் போயிடும். தொட்டில ஆட்டுற மாதிரி ஆட்டு." வேறு கல்லூரிகளிலிருந்து கேட்டுக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. நாம் உலர்பனியில் புதைத்து அனுப்பினோம். ஒரு பெட்டிகூட வழியில் உருகவிடவில்லை நீ.

பிறகு ஒரு தை மாதம் வயிற்றுவலி என்றாய். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் குடித்தாய். சித்திரையில் கணையத்தில் புற்று என்று சொன்னார்கள். அதற்குள் அது ஈரல்வரை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் வேலையைப் பற்றித்தான் கேட்டாய். ஒருநாள் நான் ஆற்றமாட்டாமல், "அவ்வளவு செல்லக் காப்பாத்துச்சே, உனக்கு ஒதவலையே" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அதுக்கு அது வேலை தெரியும். எல்லா வேலையும் அதுகிட்ட கேக்காத." ஆடி பிறக்கும் முன் நீ போய்விட்டாய். வீட்டில் வைத்து உன் முகத்தைப் பார்த்தேன். பிறகு ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். நாற்பதாம் நாள் கழிந்து, ஒரு திங்கட்கிழமை காலை, உன் அண்ணன் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் மடித்த காகிதம். உன் பீரோவில் இருந்த சம்மதப் படிவத்தின் நகல். சேமித்து வைக்கப்படும் என்ற வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"தங்கச்சி, அவ ரத்தம் இன்னும் இங்க இருக்கா?"

"இல்லண்ணே. அதெல்லாம் அப்பவே தீந்துபோச்சு."

"அப்ப என்ன வச்சிருக்கீங்க?"

சொன்னேன். ரத்தத்திலிருந்த குறிப்பைப் படியெடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்திருக்கிறோம், அது அந்தக் குறிப்பைப் படித்துப் புரதம் செய்கிறது, அந்த பாக்டீரியாவை உறையவைத்திருக்கிறோம் என்றேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கடைசியில் கேட்டார்: "அது அவளா?"

இத்தனை வருஷத்தில் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"சதை இல்லண்ணே. ரத்தம் இல்ல. அவகிட்டேர்ந்து படிச்சு எழுதினது. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

அவர் காகிதத்தைத் தடவிக்கொடுத்தார். "கோச்சுக்காதம்மா. மண்ணுக்குக் குடுக்கும்போது முழுசாக் குடுக்கணும்னு நெனைக்கிறவங்க நாங்க. அவளோடது ஏதோ ஒண்ணு இங்க குளுருல கெடக்குதுன்னு படிச்சதுலேர்ந்து தூக்கமே இல்ல."

படிவத்தின் மூன்றாம் பக்கத்தை நானே அவருக்குக் காட்டினேன். வேண்டாம் என்று சொன்னால் சேமித்ததை அழித்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. கொடுத்தவருக்குத்தான் அந்த உரிமை. நீ இல்லாதபோது உன் அண்ணனைவிட யாருக்கு அது? "நீங்க சொன்னா மேடம்கிட்ட பேசி இன்னைக்கே அழிச்சிடறேன்" என்றேன். அந்தக் குழாய்களில் பதினோரு மாத உழைப்பு இருந்தது. அது போனால் போகட்டும், குறிப்பை இப்போது எழுதிக்கொடுத்தாலே செய்து அனுப்புகிற கம்பெனிகள் வந்துவிட்டன. ஆனால் சி என்று எழுதிக்கொடுத்தாலும் அது உன்னிடமிருந்து வந்த சி ஆகாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என் ஆசைக்காகக் கேட்பது போலாகிவிடும்.

"ஒருதரம் பாக்கலாமா?" என்று கேட்டார்.

அன்று சாயம் ஊற்றிய தட்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டினேன். எது புரதம் விட்டது, எது விடாதது என்று சொன்னேன். கண்ணாடி பிடித்துப் பழகிய கை அல்லவா, ஓரத்தை மட்டும் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இந்த ஊதாவெல்லாம் பொழச்சதுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். தட்டைத் திருப்பித் தந்துவிட்டு, ரெண்டு நாள் டைம் கொடு என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த இரண்டு நாள் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. ஃப்ரீசர் பக்கம் போகவே இல்லை.

புதன்கிழமை வந்தார். உட்காரவில்லை. "எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவரு ரெண்டே கேள்வி கேட்டாரு. இதனால ஜனங்களுக்குப் பிரயோஜனம் உண்டான்னாரு. உண்டுன்னேன். அவ மனசார எழுதிக் குடுத்தாளான்னாரு. கையெழுத்தக் காட்டினேன். அப்ப அது அவ செஞ்சிட்டுப் போன தருமம், அது நடக்குற வரைக்கும் அவளுக்கு நன்மை போய்க்கிட்டே இருக்கும்னுட்டாரு." கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வச்சுக்கம்மா. ஒண்ணே ஒண்ணு. அது எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லு."

அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெட்டியை ஒட்டிக் கூரியர்காரரிடம் கொடுத்ததும் கடைக்குப் போன் செய்வேன். "அண்ணே, இன்னைக்கு மதுரைக்குப் போவுது." பின்னால் கண்ணாடி அறுக்கும் சத்தம் நிற்கும். "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். ஒருமுறை, "வெளியூரா, வெளிநாடா?" என்று கேட்டார். பிரான்சுக்கு என்றேன். மேடத்தின் பழைய தோழி ஒருவர் அங்கே கேட்டிருந்தார். "அங்க இருக்குற மாமா எத்தன தரம் கூப்ட்டாரு அவள" என்றார். "இப்பதான் போறா."

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். ஓய்வெடுங்க, தண்ணி குடிங்க என்றார். மூன்று நாள் ரெட்டியார்பாளையம் வீட்டில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம், மூட்டெல்லாம் வலித்து, நெற்றி கொதித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று அது உறைத்தது. இப்போது, இந்த நிமிஷம், என் ரத்தத்தில் வெள்ளணுக்கள் அதே புரதத்தைச் செய்துகொண்டிருக்கின்றன. குளிரறை இல்லை, யூரியா இல்லை, ஸ்வெட்டர் இல்லை. நாம் இரண்டு பேர் பதினோரு மாதம் பட்ட பாட்டை அவை கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகின்றன. யாரும் சொல்லிக்கொடுக்காமல் நூல் மடிகிறது, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கிறது, பக்கத்துச் செல்லைத் தொட்டு எச்சரிக்கிறது. உன்னிடமிருந்து எடுத்ததற்கும் என்னுடையதற்கும் ஒரு மடிப்புக்கூட வித்தியாசம் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். தெருவில் விழுப்புரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அந்தச் சூட்டை உணர்ந்தபடி, பயபக்தியோடு படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.